அலுவலகப் பாவனைக்கு மட்டும்

குருமண்வெளித் துறையில் பாதை வரும்வரை
சுற்றறிக்கையை மூன்றாம் தடவை வாசித்தேன்.
கோடு உயர்ந்திருக்கிறது, மாத வருமானக் கோடு.
போன வருடம் அது
ஒரு மூட்டை அரிசியின் உயரத்தில் இருந்தது,
இப்போது இரண்டரை மூட்டை.
இடையில் வாழ்கிறவர்களையும்
இனி ஏழைகளென ஏற்றுக்கொள்ளலாம் என்பதே
ஏழு பக்கங்களின் பொழிப்பு.
அவர்களுடைய பிள்ளைகளுக்கு
முன்பள்ளிக் கட்டணம் இல்லை,
பத்து மணிக்கு அவித்த கடலையும் உண்டு.

பாதை வந்தது.
இரண்டு மோட்டார் சைக்கிள், ஒரு மீன்பெட்டி,
மண்டூருக்குக் கல்யாணச் சாமான் கொண்டுபோகும் ஒருவர்,
நான், என் ஸ்கூட்டி.
வாவி அன்றைக்கு எண்ணெய்போலக் கிடந்தது.

எழுவான்கரையில் என் மகன்
இரண்டரை வயதில் தொடங்கினான்.
சப்பாத்து, கழுத்தில் தண்ணிப் போத்தல்,
விளையாட்டுப் போட்டிக்கு
கம்பி வளைத்துத் தைத்த வண்ணத்துப்பூச்சிச் சிறகு.
அதற்காக ஒருவரும் வந்து
எங்கள் வீட்டுச் சுவரைத் தட்டிப் பார்க்கவில்லை.

தட்டிப் பார்க்கிறவள் நான்.

போன வருடம் படுவான்கரையில்,
தங்கநேசத்தின் வீட்டில்,
சொத்துக்கள் என்ற நிரலில்
‘நீரிறைக்கும் இயந்திரம், ஒன்று’ என எழுதினேன்.
"அது ஓடாது மிஸ்" என்றாள்.
ஓடுமா ஓடாதா என்று எழுதப்
படிவத்தில் இடமில்லை.
பக்கத்துப் பெட்டியில் கோழி அடை கிடந்தது.
முட்டைகளை நான் எண்ணவில்லை.
அந்தளவு இரக்கம் எனக்கு இருந்தது.

தகுதியற்றவர்.
சிவப்புப் பேனை.

இன்றைக்கு அவள்
அறுத்த வெளியில் கதிர் பொறுக்கிவிட்டு
சீலைத் தலைப்பில் முடிச்சோடு வந்தாள்.
"புதுசா ஒண்டு வந்திரிக்கி,
இப்ப உங்கட புள்ளயச் சேர்க்கலாம்" என்றேன்.
என் குரலில் ஒரு பெருமை இருந்தது,
அதை மறைக்கமாட்டேன்.

"எந்தப் புள்ளய மிஸ்?"

கபிஷ்னாவுக்கு ஆறு வயதாகிவிட்டது.
முதலாம் ஆண்டில் கடைசி வாங்கு.
பென்சிலை உளிபோலப் பிடிக்கிறாளாம்,
டீச்சர் சொன்னாவாம்.
மற்றப் பிள்ளைகள்
வட்டமும் சதுரமும் தெரிந்து வந்தார்கள்.
இவளுக்கு வெளியில் நிற்கும் ஆறு கொக்கையும்
எண்ணத் தெரியும்,
ஆறை எழுதத் தெரியாது.

சுற்றறிக்கையை மறுகாவும் புரட்டினேன்,
ஏதாவது அடிக்குறிப்பு இருக்குமென்று.
கோட்டை உயர்த்தியவர்கள்
வயதை இறக்க வழி எழுதவில்லை.

ஆனால் தம்பி இருக்கிறான். மூன்று வயது.
சதுர்ஜன், பிறப்புச் சான்றிதழின்படி.
அந்த நீரிறைக்கும் இயந்திரத்தின் மேல் கால் போட்டு
வாயால் புகைவிட்டு
களுவாஞ்சிக்குடிவரை போய் வந்துகொண்டிருந்தான்.
அது ஓடி நான் பார்த்தது அன்றுதான்.

அவனுக்குப் படிவம் நிரப்பினேன்.
சொத்துக்கள்: இல்லை.

அக்கா என் முழங்கைக்குக் கீழே வந்து நின்றாள்.
"என்ட பேர் எங்க?"
தாய் அதட்டினாள், "சும்மா இரி புள்ள."

கடைசிப் பக்கத்தின் அடியில்
ஒரு பெட்டி உண்டு,
அலுவலகப் பாவனைக்கு மட்டும்.
பேனையைக் கொடுத்தேன்.
நாக்கை வெளியே நீட்டி,
தாள் கிழியுமாப்போல் அழுத்தி,
வெகுநேரம் எடுத்து
ஒரு ‘க’ போட்டாள்.
வால் மற்றப் பக்கம் திரும்பியிருந்தது.

"மிச்சத்த நான் எழுதவா?"
"வேணாம். படிச்சிப்போட்டு நான் எழுதுவன்.
நீங்க மறுகா வருவீங்கதானே?"

துறைக்கு வந்தபோது பாதை
அக்கரையில் நின்றது.

படிவத்தை மறுநாளே கந்தோரில் கொடுத்துவிட்டேன்.
முத்திரை விழுந்தது, கையொப்பம் விழுந்தது.
அந்தப் பெட்டிக்குள் திரும்பி நிற்கும் எழுத்து
என்னவென்று
இதுவரை எவரும் கேட்கவில்லை.