பதினேழாவது வரி

டுர்க்,
நீ விட்டுப்போன கோப்பில் பதினேழாவது வரி:
‘பாலம்’ என்று தொடங்கும் எதையும் பார்க்காதே.
அதன் தலைமேல் ஒரு குறிப்பு:
தெரிந்ததுதான். பிறகு சரிசெய்கிறேன்.
தேதி, ஒன்பது ஆண்டுக்கு முந்தைய நவம்பர்.
நீ இப்போது ஸ்னேக்கில்
வெப்பப் பம்பு விற்கிறாயாம்.
வியாபாரம் செழிக்கட்டும்.

ஹார்லிங்கனுக்கு வெளியே இந்த நீர்ப்பூட்டு
இன்னும் உன் நிரல் சொல்லித்தான் திறக்கிறது.
ஞாயிறுதோறும் பின்னிரவு இரண்டு மணிக்கு
வீப்ரென் எழுந்து வந்து
பெட்டியை அணைக்கிறார், பத்து எண்ணுகிறார்,
மறுபடி போடுகிறார்.
ஏன் என்று கேட்டேன்.
“வெள்ளிக்கிழமையே மூச்சு வாங்க ஆரம்பிச்சிடும்.
சனிக்கிழமை, திரையில கதவு அசையறதுக்குள்ள
நிஜக் கதவு மூடி முடிஞ்சிருக்கும்.”
எந்தக் கையேட்டிலும் இல்லாத விதி.

கசிவு தேடும் கருவி இரவுதோறும் ஓடியது,
காலைதோறும் பச்சை விளக்கு காட்டியது.
அது பொய் சொல்லவில்லை.
பார்க்காதே என்றாய், பார்க்கவில்லை.
இவ்வளவு சொல்பேச்சுக் கேட்கும்
காவல்காரனை வைத்துக்கொண்டு
எந்த வீடு பிழைக்கும்?

செவ்வாய் மாலை
ஊமையாக்கும் உன் வரியை
நான் ஊமையாக்கினேன். ஒரே ஒரு குறி, அதன் முன்னால்.
கருவி வாய் திறந்தது.
காபி எடுத்து வந்தேன், சொல்லிக்கொண்டிருந்தது.
இரண்டாவது காபி ஆறிப்போனது,
இன்னும் சொல்லிக்கொண்டிருந்தது:
ஒதுக்கியது, விடுவிக்கவில்லை.
ஒதுக்கியது, விடுவிக்கவில்லை.

ஒரு துண்டைப் பிரித்துப் பார்த்தேன்.
பெயர், நீளம், எவ்வளவு மூழ்கியிருக்கிறது,
கூடவே பாலத்துக் கேமரா எடுத்த படங்கள், நூற்றுக்கணக்கில்.
கப்பல்கள், டுர்க்.
மணல் ஏற்றிய நோர்டர்லிக்ட்.
காலியாக வந்த ஃப்ரோவ அந்த்யெ.
அதன் அறைவாசலில் ஒருவர் உட்கார்ந்து
உருளைக்கிழங்கு தோல் சீவுகிறார்,
நானூற்றுப் பதினொரு படங்களில், அதே கிழங்கை.

எல்லாம் எப்போதோ வடன் கடலுக்குப் போய்விட்டன.
உன் நிரலுக்குள் மட்டும் போகவில்லை.
வரும்போது ஆளுக்கொரு இடம் கொடுத்தாய்,
போகும்போது அதைத் திரும்ப வாங்க மறந்தாய்.
ஞாயிற்றிலிருந்து ஞாயிறுவரை
வாரத்துக் கப்பல் அத்தனையும்
ஒரே பூட்டுக்குள்
விலாவோடு விலா உரசி நின்றன,
இன்னொன்று உள்ளே வர, இன்னொன்று.

சரிசெய்ய இரண்டு வரி ஆனது.
இரண்டே வரி.
உன்மேல் கோபம் வந்தது அப்போதுதான்.

ஆனால் முழுதாகச் சொல்கிறேன்.
சரிசெய்த பிறகும் கருவி ஒன்றை விடாமல் சுட்டியது:
நீர்மட்ட வரைபடம்.
தொடக்கத்தில் ஒருமுறை வாங்குகிறோம்,
கடைசி நொடிவரை வைத்திருக்கிறோம்,
தெரிந்தே, வேண்டியே.
அது கசிவல்ல. கருவிக்கு அது புரியாது.
தினமும் அதற்காகச் சிவப்பு எரிந்தால்
மூன்றாம் வாரம் யாரும் சிவப்பைப் படிக்கமாட்டார்கள்.
ஆகவே நானும் எழுதினேன்,
ஒரு ‘பார்க்காதே’.
தொடக்க எழுத்தை மட்டும் சொல்லி அள்ளிப்போடாமல்
முழுப்பெயர் சொல்லி.
காரணம், என் பெயர்,
மார்ச் மாதம் தானாகக் காலாவதியாகும் தேதி.
எழுதும்போது உன் கையெழுத்தில் எழுதுவதுபோல் இருந்தது.

ஞாயிறு. வரவேண்டாம் என்று சொல்லியிருந்தும்
வீப்ரென் இரண்டு மணிக்கு வந்தார்.
சுவிட்சின் பக்கத்தில் கை சற்று நேரம் நின்றது.
திரைக் கதவும் நிஜக் கதவும்
சேர்ந்தே மூடின.
“இனி இந்த நேரத்துல என்ன பண்றது?” என்றார்.
பிறகு டார்ச்சோடு என்னைக் கீழே கூட்டிப்போனார்.
கதவின் பொருத்தில்
நீர் விரல் தடிமனில் வழிந்துகொண்டிருந்தது.
“நிமிஷத்துக்கு எட்டு வாளி. சுவத்துல எழுதியிருக்கு பாருங்க.”
எழுதியிருந்தது, சுண்ணக்கட்டியில்,
மாதத்துக்கு ஒன்றாக.

உன் வரியை அழிக்கவில்லை, டுர்க்.
வாய் கட்டியபடி அங்கேயே கிடக்கிறது.
நீ விற்கும் பம்புகளில்
எப்போதும் பச்சையாகவே எரியும் விளக்கு
ஏதாவது உண்டா?
சும்மா கேட்டேன்.
என் அம்மா ஒன்று வாங்குவதாக இருக்கிறாள்.