தாழ்ப்பாள் சூடாகும் நேரம்

"குளிர்ந்ததைத் தொடாதீங்க.
குளிர்ந்ததைக் குடிக்காதீங்க.
முடிந்தால் குளிர்ந்த காற்றை
நேராக மூச்சில் இழுக்காதீங்க" என்றார்
கோயம்புத்தூரில்
ஏசி அறையில் உட்கார்ந்திருந்த டாக்டர்.
பிறகுதான் கேட்டார், எந்த ஊர் என்று.
கேத்தி பாலாடா என்றேன்.
பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

சனவரி மாதம்.
பக்கத்து வீட்டுப் பையன்
ஸ்கூட்டர் சீட்டின் உறைபனியை
ஸ்கேலால் சுரண்டிவிட்டு ஸ்கூலுக்குப் போகிறான்.
கேரட் கழுவும் பட்டறையில்
பதினோரு வருடம்
விடிகாலை மூன்று மணித் தண்ணீரில் நின்றவள் நான்.
குளிர் எனக்கு மேஸ்திரி மாதிரி,
திட்டும், கூலியும் கொடுக்கும்.
இப்போது ஒரு டம்ளரைத் தொட்டால்
விரல் நுனியில் கரண்ட் அடிக்கிறது.

தெரியாமல் ஒரு மிடறு
பச்சைத் தண்ணீர் குடித்தேன்.
தொண்டைக்குள் யாரோ கதவைச் சாத்தினார்கள்.
மூச்சு இருந்தது,
இல்லை என்று தோன்றியது.
நர்ஸ் ஷைனி சொல்லியிருந்தாள்:
"பயப்படாதீங்க அக்கா,
வெந்நீர் ஆவி பிடிச்சுக்கிட்டே பத்து எண்ணுங்க."
எண்ணினேன்.
ஏழில் திறந்தது.

முதல் வாய்ச் சோற்றுக்குத் தாடை இழுக்கும்,
மூன்றாவது வாய்க்கு விட்டுவிடும்.
அதனால் முதல் வாயைக்
குன்றிமணி அளவுக்கு உருட்டி,
அடம்பிடிக்கும் பிள்ளைக்கு ஊட்டுவது போல
எனக்கே ஊட்டிக்கொள்கிறேன்.
ரசம் இரும்பு. காப்பி இரும்பு.
ஊறுகாய் மட்டும் ஊறுகாய்.
எதிர்வீட்டு மாதியம்மா
அவரைக் குழம்பு கொண்டுவந்தாள்.
அது பாதி அவரையாகவே இருந்தது.
அழுதுவிட்டேன்.
காரம் கூடிப்போச்சோ என்று அவள் பயந்துபோனாள்.

கொண்டை ஊசி வளைவு என்று
யார்தான் பெயர் வைத்தார்களோ.
கொண்டை போட முடி போதவில்லை,
ஊசிக்குக் குறைவில்லை.
இறங்கும்போது ஒன்றும் தெரியாது.
மருந்தை ஏற்றிக்கொண்டு,
இடுப்பில் பால்புட்டி அளவு பம்ப்பைக் கட்டிக்கொண்டு
மலையேறும்போதுதான்.
வாந்திக்கு வைத்திருந்த கவரைச்
சோதனைச் சாவடியில் பிடுங்கிக்கொண்டார்கள்.
நீலகிரிக்குள் பிளாஸ்டிக் கூடாது.
சட்டம் சட்டம்தான்,
வயிறு வயிறுதான்.
என் முகத்தைப் பார்த்த கண்டக்டர்
மிச்சமிருந்த தயிர்சாதத்தை
ரெண்டே வாயில் விழுங்கிவிட்டு
டப்பாவை நீட்டினார்:
"அப்புறமாக் கழுவித் தாங்கம்மா."
அடுத்த சைக்கிளுக்குப் போகையில்
அதில் வர்க்கி போட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.
வாங்கிக்கொண்டார்.
மோந்து பார்த்துவிட்டுத்தான்.

வீட்டில் சந்தியாகு
கேரட் மூட்டை ஏற்றி
மேட்டுப்பாளையம் மண்டிக்கு லாரி ஓட்டுகிறவர்.
என் கையை அவர் பிடித்தது கல்யாணப் போட்டோவில்,
அதுவும் போட்டோக்காரர் சொன்னதால்.
ரெண்டாவது சைக்கிள் முடிந்து வந்த அன்று
குழாய்த் திருகுக்கு என் பழைய சாக்ஸைப் போட்டுவிட்டார்.
எவர்சில்வர் கரண்டியெல்லாம் பரணுக்குப் போயிற்று.
பீரோக் கைப்பிடிக்கு மஃப்ளர்.
வீடே ஜலதோஷம் பிடித்தது போல இருக்கிறது.

முன்கதவுத் தாழ்ப்பாளுக்கு மட்டும்
எதைச் சுற்றினாலும் நிற்கவில்லை,
இழுத்தால் கழன்றுவிடும்.
கக்கூஸ் வெளியே.
விடிகாலை நாலு மணிக்கு வயிறு கலக்கினால்
கையுறை தேடும்வரை காத்திருக்காது.

கட்டில் கிரீச்சிடும் முதல் சத்தத்துக்கே
எனக்கு முன்னால் எழுந்து போய்விடுகிறார்.
தாழ்ப்பாளை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு
இருட்டில் நிற்கிறார்.
ஜெபம் செய்வது போலவெல்லாம் இல்லை,
ரேடியேட்டர் மூடியைச் சோதிக்கும் முகம்தான்.
கொஞ்ச நேரம் கழித்து,
"இப்பத் தொடு" என்கிறார்.
தொடுகிறேன்.
மரத்த விரலுக்கு
அது தாழ்ப்பாளா, அவர் விரலா என்று
சில நாள் தெரிவதில்லை.

இன்னும் நாலு சைக்கிள் இருக்கிறது.

நீங்களே திறந்துவிடலாமே என்று
நான் ஒருநாளும் கேட்டதில்லை.
கேட்டால்
திறந்துவிடுவார்.