நாலு மைக்ரோன்

அவர்களுக்கு நள்ளிரவு. எனக்கு நாலரை.
வெள்ளவத்தையில் கடல் இன்னும் கறுப்பு.
மூன்றாம் மாடியில் என் மடிக்கணினி மட்டும்
விழித்திருக்கிறது, சமையலறை மேசையில்,
நேற்றைய பாண் துண்டுக்குப் பக்கத்தில்.

திரையில் ஒரு வளையம்.
இரண்டு தரம் எனக்கு விசா மறுத்த நாட்டில்
மண்ணுக்குக் கீழே கிடக்கிறது.
அதன் ஒவ்வொரு காந்தத்தையும்
இலக்கத்தால் தெரியும் எனக்கு,
நிறம் தெரியாது.

உள்ளே இலத்திரன்கள்
செக்கனுக்குப் பத்து இலட்சம் தரம் சுற்றி
வளைவு தோறும் ஒளியைச் சிந்திப் போகின்றன.
அந்த ஒளிக்குத்தான் வரிசை:
படிகமாக்கிய புரதத்தோடு ஒருத்தி,
கப்பலடியில் எடுத்த துருவாணியோடு ஒருவர்,
பற்றறித் தகடுகளோடு இன்னும் நாலு பேர்.
எல்லாருக்கும் ஒரே முறைப்பாடு.
ஒளி ஆடுகிறது.

நாலு மைக்ரோன் ஆடுகிறது.
தலைமயிர் ஒன்றை இருபதாய்ப் பிளந்தால் ஒரு துண்டு.
“இதுக்கா நித்திரை முழிக்கிறாய்?” என்றாள் அக்கா.
அவளுக்கு வங்கியில் வேலை.
கணக்கு ஒரு சதம் உதைத்தாலும்
வீட்டுக்கு வராதவள். அதைச் சொன்னேன்.
பிறகு கேட்கவில்லை.

ஒன்பது கிழமை தேடினோம்.
தாங்கிகளைத் தட்டிப் பார்த்தார்கள்,
குளிர்நீர்ப் பம்பிகளை ஒவ்வொன்றாய் நிறுத்திப் பார்த்தார்கள்.
ஐந்தரை ரயில் கரையோரம் உலுக்கிக்கொண்டு போக
என் பிளேன் டீயில் வட்டம் வட்டமாய் எழுந்தது ஒருநாள்.
“அங்கே பக்கத்தில் தண்டவாளம் இருக்கிறதா?”
மரேக் பதில் போட்டான்:
பதினெட்டுக் கிலோமீற்றருக்கு
உருளைக்கிழங்குதான் இருக்கிறது.

போன ஞாயிறு மொட்டைமாடித் தாங்கி
இரவு முழுக்க டக் டக் என்று அடித்தது.
றியாஸ் வந்து மூடியைத் திறந்தான்.
நானும் எட்டிப் பார்த்தேன்.
மிதவை தாழ, வால்வு திறக்கிறது.
தண்ணீர் பாய்கிறது. பாய்ந்த தண்ணீரில் அலை.
அலையில் மிதவை எகிற, வால்வு அடைபடுகிறது.
அலை இறங்க, மறுபடி திறக்கிறது.
வெளியிலிருந்து யாரும் அதைத் தொடவில்லை.
தன் வேலையை, கண்ணும் கருத்துமாய்,
அதுவே செய்து அதுவே நடுங்கிக்கொண்டிருந்தது.

றியாஸ் ஒரு போத்தலை வெட்டி மிதவையைச் சுற்றி நிறுத்தினான்.
எழுநூற்றைம்பது கேட்டான். ஆயிரம் கொடுத்து
மிச்சம் வாங்காமல் படியால் ஓடிவந்தேன்.

எங்களிடம் திருத்திகள் இரண்டு.
ஒன்று வேகம், ஒன்று ஆறுதல்.
கற்றை விலகினால் இரண்டுமே கைவைக்கும்.
ஒன்று திருத்தி முடித்ததை
மற்றது பிழை என்று எடுக்கும்.
எட்டு வருடத்துக்கு முன்
இரண்டாவதை எழுதியவள் நான்.
இதை மரேக்கிடம் சொல்ல
ஒரு பகல் எடுத்தது.

இப்போது நாலு ஐம்பது.
“பெருக்கத்தைக் குறை,” என்று தட்டுகிறேன்.
எவ்வளவு?
பாதி.
பயமாயிருக்கிறது என்கிறான். எனக்கும்.
இன்னும் பாதி.

கோடு தளர்கிறது,
அழுது களைத்த பிள்ளையின் மூச்சுப் போல
விட்டு விட்டு.
பிறகு கிடக்கிறது.
அரை மைக்ரோன்.

அங்கே யாரோ கைதட்டுவது கேட்கிறது.
நான் பாணில் ஒரு துண்டு பிய்த்தேன். காய்ந்திருந்தது.

அடங்கிய கோட்டின் அடியில், வேறொரு மீடிறனில்,
சின்னதாய் இன்னொரு நடுக்கம்.
இவ்வளவு நாளும் பெரியதன் நிழலில் இருந்திருக்கிறது.
மரேக்கும் கண்டுவிட்டான்.
இது எங்கிருந்து?

தெரியாது, என்று எழுதினேன்.
வியாழக்கிழமை பார்ப்போம்.

ஜன்னல் கண்ணாடி சிலிர்த்தது,
கோப்பை தட்டில் கிணுகிணுத்தது.
ரயிலைப் பற்றி இந்த முறை
நான் கேட்கவில்லை.