பக்கம் நூற்றுப் பன்னிரண்டு

காலை எட்டிலிருந்து இரண்டு வரை
பல் மருத்துவமனையில் தொலைபேசி எடுக்கிறேன்.
வாய் மரத்துப்போனவர்கள் உளறும் தேதிகளைப்
பிழையில்லாமல் எழுதிக்கொள்வதில் கெட்டிக்காரி.
இரண்டரைக்கு ஐஸ் ஹாக்கி அரங்கின் பின்புறம்
காரை நிறுத்தி, ஹீட்டரை ஓடவிட்டு,
மடிக்கணினியைத் திறக்கிறேன்.
எனக்குப் பதினாறு வயதாகிறது.

பதினொரு ஆண்டுகளாக அதே பதினாறு.
மூன்று புத்தகங்கள்.
இதற்கு நடுவே என் மகன்
நான் பார்க்காத ஏதோ ஒரு வாரத்தில்
பதினாறைத் தாண்டிப் போய்
ஃபார்கோவில் லாரி டயர் விற்கிறான்.

நியூயார்க்கிலிருந்து பதிப்பாசிரியர் எழுதுவார்:
முத்தம் இருக்கட்டும், சிகரெட் வேண்டாம்.
அப்பா குடிக்கலாம்,
முப்பதாம் பக்கத்துக்குள் குடித்து முடித்துவிட வேண்டும்.
கடைசியில் கொஞ்சம் வெளிச்சம், மார்லிஸ், தயவுசெய்து.
வைத்தேன்.
கூலிக்குத் தெருவிளக்கு மாட்டுகிறவளைப்போல
ஏணி சாத்தி, ஏறி, வைத்துவிட்டு இறங்கினேன்.

ஒருமுறை பள்ளியில் கூப்பிட்டார்கள், ஒன்பதாம் வகுப்பு.
பாதிப் பேர் தூக்கம்.
ஒருவன் மட்டும் கேட்டான்,
வருஷத்துக்கு எவ்வளவு வரும்?
நாற்பத்தொரு டாலர், ஆறு சென்ட், என்றேன்.
வகுப்பு அப்போதுதான் என்னை நம்பத் தொடங்கியது.

பிறகு இந்த மார்ச் சனிக்கிழமை.
ஏரியில் பனிக்கட்டி முனகி உடைந்துகொண்டிருந்தது.
முதல் தாதுக்கப்பலுக்காகப் பாலம் உயர,
டுலூத்தே வண்டியை அணைத்துவிட்டுக் காத்திருந்தது.
நூலகத்தில் கழித்த புத்தகங்கள், டாலருக்கு ஒன்று.
மீன் சமையலுக்கும் பழைய வரி வழிகாட்டிக்கும் இடையில்
நெருக்கியடித்துக்கொண்டு என் ஐலி,
நெற்றியில் 'நீக்கப்பட்டது' என்ற முத்திரையோடு.
காசு வாங்கிய பெண்மணி
பின்னட்டைப் படத்தைப் பார்த்தாள்.
என்னைப் பார்த்தாள்.
மீதி ஒன்பது டாலரைத் தந்தாள்.

காரில் உட்கார்ந்து பிரித்தேன்.
யாரோ பென்சிலோடு படித்திருக்கிறார்கள்.
நாற்பதாம் பக்கத்தில் ஒரு நாய், படமாக.
எழுபத்தாறில் என் எழுத்துப்பிழைக்கு வட்டம்.
நூற்றுப் பன்னிரண்டில்,
ஐலியின் அம்மா கதவோரம் நின்று
கண்ணீரோடு மன்னிப்புக் கேட்கும் இடத்தில்
(நான்கு வாரம் எழுதினேன் அதை,
படித்துக் காட்டியபோது என் குரலே தழுதழுத்தது)
தாள் கிழியும்படி அழுத்தி:
பொய்.
கீழே, கொஞ்சம் ஆறியபின் எழுதியதுபோல்:
எங்கம்மா ஓவன்ல சாப்பாட்ட மூடி வெச்சிருப்பா.
அவ்ளோதான். அதான் சாரி.

கோபம் வந்தது முதலில்.
அப்புறம் பொறாமை.
அந்த மூடிய தட்டை அப்படியே எடுத்துக்கொண்டு ஓடினால்
யாருக்குத் தெரியும் என்றும் ஒரு கணம்.

கடைசிப் பக்கத்துக்கு விரல் தானாகப் போனது.
ஐலி வீட்டுக்குத் திரும்பும் ஒன்பது வரிகளையும்
அளவுகோல் வைத்து அடித்திருந்தது.
பதிலுக்கு ஒரே வரி:
அவ பஸ்ஸவிட்டு எறங்கல.
அதற்கும் கீழே ஒன்று எழுதி, ரப்பரால் அழித்த தடம்.
கார் கூரை விளக்குக்குச் சாய்த்துப் பிடித்தேன்,
ஜன்னலோரம் திருப்பினேன்,
விரல் நுனியால் தடவிப் பார்த்தேன்.
அம்மா லைட்டை, என்பதுவரை தெரிகிறது.
அணைத்தாளா, போட்டாளா,
வினைச்சொல்லை மட்டும் நன்றாகத் தேய்த்திருக்கிறாள்,
அல்லது தேய்த்திருக்கிறான்.
பெயர் இல்லை. அட்டையின் உள்ளே
நான்குமுறை புதுப்பித்த தேதிகள் மட்டும்.
நான்குமுறை.

திங்கட்கிழமை காலை
பல்வலி, வரமுடியாது என்று
மருத்துவமனைக்கே போன் செய்தேன்.
வியாழன் நான்கு மணிக்கு வா என்று
நேரம் குறித்துவிட்டார்கள்.
அதுவரை மூன்று நாள் இருக்கிறது.
ஓவனில் ஒரு தட்டு மூடியிருக்கிறது.
பஸ் இன்னும் எங்கேயும் நிற்கவில்லை.