ஸ்கரெல்

நியூலின் துறைமுகம், காப்பீட்டு அலுவலகம்.
'படகு மூழ்கக் காரணம்' என்ற கட்டத்தில்
பென்சிலால் ஒற்றைச் சொல்:
ஸ்கரெல்.

லோவெனா தடித்த அகராதியை எடுத்தாள்.
ஸ்கங்க் இருந்தது. அடுத்தது ஸ்கை.
நடுவில் மயிரிழை வெள்ளை.

புயலா? பாறையா? போதையா?
டென்சிலுக்கே போன் போட்டாள்.
"காற்று ஒன்று சொல்லும்,
தண்ணீர் கேட்காது, அம்மணி.
அந்த நேரம்தான்."
பிறகு வெறும் மூச்சு.
"நானும் தம்பியும் மட்டும் சொல்லிக்கொள்வது.
இப்போது நான் மட்டும்."

தட்டச்சினாள்.
சிவப்புக் கோடு போட்டு,
ஸ்குவிரலா என்று
அணிலை நீட்டியது கணினி.
அணில் மூழ்கடித்த படகு!
சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

'அகராதியில் சேர்' என்பதை அழுத்தினாள்.
கோடு போயிற்று.

கோரிக்கை
இன்னும் தலைமையகத்தில்தான் கிடக்கிறது.