இருநூற்றுப் பதினேழாம் குளம்

கமநல நிலையத்தின் மேல்மாடி. கிளிநொச்சி.
ஒரே பக்கத்தில் முந்நூற்று நாற்பது குளங்கள்,
ஒவ்வொன்றுக்கும் கட்டின் நீளம், துருசு எத்தனை,
கடைசியாய் எந்த மாரியில் வான் பாய்ந்தது.

217: மருதம்பிட்டிக் குளம்.
'கலிங்கு' என்ற இடத்தில் யாரோ 'கலிகு' என்று அடித்திருக்கிறார்கள்.
'திருத்து' என்பதை அமத்தினேன்.
பக்கம் துள்ளிப்போய் முதலாம் குளத்தில் நின்றது.

உருட்டினேன். விரல் நோக உருட்டினேன்.
வந்து, ஒரு ங் போட்டு, சேமித்து,
சரியோ என்று வாசிக்கப் போனால்
திரும்பவும் முதலாம் குளம்.
மாங்குளத்தில் தேத்தண்ணி குடிக்க இறங்கின ஆளை
பரந்தனிலிருந்து மறுபடி ஏறிவா என்கிற பஸ்.

அன்றைக்கு நாற்பத்தொரு பிழை.
எத்தனை தரம் பரந்தன் என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

வினோதரூபனைக் கூப்பிட்டேன்.
பகலில் உழவியந்திரக் கடையில் பில் போடுகிறவன்,
பின்னேரம் எங்களுக்குக் கோட் எழுதுவான்.
"மேலே இருந்து எவ்வளவு தூரம் இறங்கினீங்கள் என்று
ஞாபகம் வைக்கச் சொல்லியிருக்கிறன், அக்கா."
வைத்தது.
ஆனால் திருத்தும் பக்கத்தில் பெட்டிகள் பெரிசு,
வாசிக்கும் பக்கத்தில் வரிகள் ஒடுங்கிக் கிடக்கும்.
அதே தூரம் இங்கே 217.
அங்கே 298, கேள்விப்பட்டே இராத ஒரு குளம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
காணி விட்ட வருசம், புதுக்குடியிருப்பில்,
ரோட்டிலிருந்து அறுபது அடி என்று அளந்து காட்டியவள் நான்.
ரோட்டை அகட்டியிருந்தார்கள்.
அறுபதாவது அடியில் வேறு யாருடையதோ கச்சான் பாத்தி.
அண்ணா நாடாவைத் தொடவேயில்லை.
பற்றைக்குள் மண்வெட்டியால் தட்டித் தட்டிப் போனவர்
'ணங்' என்றதும் நின்றார்.
எங்கள் கக்கூசின் சீமெந்துத் தட்டு.
அதிலிருந்துதான் குசினி, அதிலிருந்துதான் வாசல்.

இதையெல்லாம் வினோதரூபனுக்குச் சொல்லவில்லை.
"தூரத்தை விடு தம்பி. குளத்தைப் பிடி.
திரையின் மேல்விளிம்பில் எது நிக்குதோ, அதை."

செவ்வாய்க்கிழமை. கரண்ட் இருந்தது.
திருத்து: 217.
வாசி: 217.
ங் தன் புள்ளியோடு அங்கேயே.

என் விரலுக்குத்தான் இன்னும் நம்பிக்கை வரவில்லை.
பழக்கத்தில் ஒரு தள்ளுத் தள்ளுகிறது.
218.
அங்கேயும் ஒரு பிழை:
'மாரி' என்ற இடத்தில்
'மாறி'.