ஏழு அறைப் பெட்டி

வுப்பர்டாலில் மழை, வழக்கம்போல.
ஆற்றின் மேலே தொங்கு ரயில் ஆடிக்கொண்டு போகிறது.
டொக்டர் பிரிங்க்மானின் மேசையில் என் கை.

முன்பெல்லாம் அந்தப் பட்டி
என் கையைச் சுற்ற மறுத்து
பர்ரென்று கழன்றுகொள்ளும்.
பெரியது தேடிப் போகும் தாதி
என்னைவிட வெட்கப்படுவாள்.

இப்போது ஒன்றரைச் சுற்று.
போன நாற்பத்தொரு கிலோவும் போனதுதான்.
பாதித் தோசையிலேயே வயிறு
இன்றைக்கும் கையெடுத்துவிடுகிறது.

ஆனாலும் நூற்றைம்பத்திரண்டு.
கீழே தொண்ணூற்றாறு.
இன்னொரு தரம் பார்ப்போம் என்றார்.
பார்த்தோம்.
ஒன்று குறைந்தது, மரியாதைக்கு.

ஒபரேசன் முடிந்த நாலாம் மாதம்
மூன்று குளிசையையும் நிறுத்தினார்கள்.
கிழமைகள் எழுதிய பெட்டியை எறிய மனமில்லை.
திங்களில் ஏலக்காய், செவ்வாயில் கராம்பு,
வெள்ளியில் சுரை தொலைந்த ஒற்றைத் தோடு.
ஒன்பது வருஷம்.

தோற்றுவிட்டேனா?
எனக்கு வாய்த்த ஜெர்மனில் கேட்டேன்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
ஒன்பது வருஷம் உங்கள் இதயம்
சுமை இறக்கிவிட்டு நடந்திருக்கிறது,
அதை யாரும் திருப்பிக் கேட்கப் போவதில்லை.
இது வயது. கொஞ்சம் உங்கள் அப்பா.
இப்போதைக்குப் பாதிக் குளிசை போதும்.

அப்பாவைப் பற்றி எப்போது சொன்னேன்?
சொல்லியிருப்பேன்.

இரவு பெட்டியைத் தட்டிக் கொட்டினேன்.
கழுவியும் ஏலக்காய் மணம் போகவில்லை.
புதனில் ஒரு பாதி, வியாழனில் மறு பாதி.

தோட்டை மட்டும் எடுக்கவில்லை.
வெள்ளிக்கிழமை வரட்டும், பார்க்கலாம்.